முப்பத்தொரு பேர் வந்த நாள்

பள்ளிகளிலிருந்து வரும் கணக்கெடுப்புப் படிவங்களைக் கல்வி அலுவலகக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அந்த எண்களை வைத்துத்தான் எந்தப் பள்ளிக்குப் புது வகுப்பறை என்று அரசாங்கம் முடிவு செய்கிறது. இதை எழுதும்போது கொஞ்சம் பெருமை தொனிக்கிறது. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். போன மாதம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன், இருக்கட்டும்.

கணக்கு எளிது. குறிப்பிட்ட ஒரு நாளில் வந்த பிள்ளைகளை அறைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் வந்தால் புது அறை. இருபதுக்குக் கீழே என்றால் பள்ளியை மூடி, பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள்.

அக்கா தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளியில் மூன்று அறைகள், நூற்று நாற்பத்தாறு பிள்ளைகள். படிவத்தில் வருகை முப்பத்தொன்று என்று இருந்தது. ஏற்றியதும் திரையில் அந்த எண்ணின் கட்டம் சிவந்தது. சிவந்தால் பள்ளிக்குப் போன் செய்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. செய்தேன்.

"அக்கா, முப்பத்தொண்ணு சரிதானா?"

"சரிதான்டீ. அன்னிக்கு நல்ல மழை. மூணு ரூமும் ஒழுகுச்சு. ஒழுகாத மூலையில எத்தனை பேரை உட்கார வைக்கிறது? மத்தவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். குறிப்புல எழுதியிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன்."

"பின்ன என்ன? பொய்க்கணக்கு எழுதச் சொல்றியா?"

இல்லை என்றேன். உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினேன். காகிதத்தில் குறிப்புக்கு இடம் உண்டு, கணினியில் இல்லை. அவள் எழுதிய இரண்டு வரியையும் தேதி போட்டு என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று அப்போது தோன்றவில்லை.

நேற்று பட்டியல் வந்தது. அக்காவின் பள்ளி மூடும் பட்டியலில் இருந்தது. பக்கத்துப் பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் புறம்.

பிரிவு அதிகாரியிடம் போய், மழைக் குறிப்பைச் சொல்லித் திருத்த முடியுமா என்று கேட்டேன். எல்லாம் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பார், அதனால் அவருக்கு 'கட்டம் சார்' என்று பெயர்.

"முடியாதும்மா. உங்க அக்கா பள்ளிக்கூடமா? வெளியே சொல்லிடாதே. புள்ளிவிவரம்னு யாரும் நினைக்க மாட்டாங்க, பாசம்னுதான் நினைப்பாங்க."

சுருக்கென்றது. வேறு பள்ளியாக இருந்தால் வந்திருப்பேனா? கீழே போய்ப் படிவக் கட்டுகளைப் பிரித்து, குறிப்புகளை மட்டும் படித்தேன். மழை, ஒழுகல், திருப்பி அனுப்பினோம். அக்காவுடையதைத் தவிர இன்னும் பதினொன்று. எல்லாம் நான் ஏற்றியவை. அவற்றில் ஒன்றையும் நோட்டில் எழுதி வைக்கவில்லை.

எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். கட்டம் சார் ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கணக்கை மேல அனுப்பிப் பூட்டியாச்சும்மா. நானே நினைச்சாலும் திறக்க முடியாது. ஒண்ணுக்கு முடியாதுன்னேன். இப்ப பன்னெண்டுக்கும் முடியாது."

கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

வீட்டில் அக்கா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சொன்னேன். பேனாவை மூடவில்லை.

"அடுத்து எப்ப எண்ணுவாங்க?"

"மூணு வருஷம் கழிச்சு."

"எந்த மாசம்?"

"அதே மாசம், அதே தேதிதான்."

"அப்ப அன்னிக்கும் மழைதான்," என்று சிரித்தாள். பிறகு, "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க அந்த ரோட்டை எப்படித் தாண்டும்?" என்றாள். குறிப்பைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் பார்த்திருப்பார்களோ என்றும் கேட்டாள். அதற்கு மட்டும் பதில் தெரியும். சொல்லவில்லை.

இன்று காலையும் மழை. எட்டரைக்குப் பள்ளியிலிருந்து ஆயா போன் செய்தார். அக்கா குடையை விரித்துக்கொண்டே பேசினாள்.

"பெரிய பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பிடுங்க. சின்னதுங்களை மட்டும் உள்ளே ஏத்துங்க."

"எத்தனை பேர் வந்திருக்காங்களாம்?" என்று கேட்டேன்.

வாசலில் நின்று திரும்பினாள்.

"எதுக்குடீ? எழுதிக்கவா?"

நோட்டு என் கையில் திறந்திருந்தது.