ஐந்தாம் வார்டில் யாரும் விழவில்லை

"மூணு மாசத்துல உங்க நாலாம் வார்டுல கீழே விழுந்தவங்க பதினோரு பேர். பக்கத்து அஞ்சாம் வார்டுல பூஜ்யம்!" கேரளத்துப் பாலா ஊர் ஆஸ்பத்திரியின் சூப்பிரண்டு டாக்டர் சாக்கோ காகிதத்தை மேஜையில் போட்டார். "டாக்டர், நர்ஸ், பிசியோக்காரர்னு எல்லாரும் கட்டிலைச் சுத்தி நின்னு பேசி என்ன லாபம், த்ரேஸ்யா? திங்கட்கிழமையோட நிறுத்திக்கோங்க."

நாலாம் வார்டின் தலைமை நர்ஸ் த்ரேஸ்யா காகிதத்தைக் கையில் எடுத்தாள். எல்லாரும் சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் அந்தக் கூட்டுச் சுற்று, இரண்டு வருடம் கெஞ்சி அவள் வாங்கியது.

"சாரே, எங்க வார்டுல கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில உட்கார்ந்தாலே எழுதிடுவோம். ஏன் விழுந்தார்னு மறுநாள் கூடிப் பேசணுமே!"

"அப்போ அஞ்சாம் வார்டு ஸலோமி எழுதலைங்கறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. வாங்க, நேர்லயே கேட்போம்."

ஐந்தாம் வார்டின் தலைமை நர்ஸ் ஸலோமி, த்ரேஸ்யாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். "வாடி கணக்குப்பிள்ளை, எங்க பூஜ்யத்தை எண்ண வந்தியா?" என்று வரவேற்றாள்.

முதல் கட்டிலில் பைலி. நெற்றியில் எலுமிச்சை அளவு புடைப்பு.

"விழுந்தீங்களா சேட்டா?" என்றார் சாக்கோ.

"நானா? சீச்சீ! குளியலறை வாசல்ல கொஞ்சம் உட்கார்ந்தேன் சாரே. ரெண்டு தடவை."

அடுத்த கட்டில் குஞ்ஞப்பன் முந்திக்கொண்டார். "நான் சுவர்ல சாய்ஞ்சேன். சுவர்தான் நகர்ந்துடுச்சு. ஸலோமி சிஸ்டர் தங்கம் சாரே, அவங்க மேல பழி வரக்கூடாது."

த்ரேஸ்யா ஆளனுப்பி எக்ஸ்ரே அறை நோட்டை வரவழைத்தாள். மூன்று மாதத்தில் அடிபட்டதற்காக எடுத்த படங்கள்: நாலாம் வார்டிலிருந்து ஒன்று, ஐந்தாம் வார்டிலிருந்து ஒன்பது.

"உட்கார்ந்ததுக்கு ஒன்பது படமா?" சாக்கோ ஸலோமியைப் பார்த்தார்.

ஸலோமியின் முகம் சிவந்தது. "எழுதினா மெமோ வருது சாரே. பூஜ்யம் போட்டா கேக் வருது. மாசாமாசம் வெட்டிக் கொடுத்தது யாரு?"

முதல் துண்டைத் தின்றவர் சாக்கோதான். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி, கூட்டுச் சுற்று நிக்காது. திங்கட்கிழமையிலிருந்து இங்கேயும் உண்டு. மெமோ கிடையாது." விறைப்பாகத் திரும்பி நடந்தார்.

தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது. தொபீர்!

"சார் உட்கார்ந்துட்டார்!" என்றார் பைலி.

வார்டே குலுங்கியது. இரண்டு நர்சுகளும் ஆளுக்கொரு கையாகத் தூக்கி நிறுத்தினார்கள். விழுந்தவர்களுக்கான படிவத்தை ஸலோமி முதல்முறையாக வெளியே எடுத்துத் தூசு தட்டினாள்.

"என்னன்னு எழுதட்டும் சாரே?"

சாக்கோ இடுப்பைத் தடவிக்கொண்டார். "விழுந்தார்னே எழுது. இனிமே கேக்கும் கிடையாது."