அடியில் ஒரு பொட்டு

என் வீட்டுக்காரர் சூர்யபிரகாஷுக்கு நீச்சல் தெரியாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல மாட்டார். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் இந்த வருசம் எங்கள் மகளிர் குழு மீன் வளர்க்கக் குத்தகை எடுத்திருக்கிறது. நடுக்கண்மாய்க்குப் போய்த் தீவனம் போட ஆள் வேண்டும் என்றதும், "நான் இருக்கேன்ல" என்று லாரி டியூபில் ஏறி உட்கார்ந்த மகராசன் அவர்தான். அவர் போய்த் திரும்புகிறவரைக்கும் நான் கரையை விட்டு நகர மாட்டேன். நல்ல படகு ஒன்று வாங்காமல் இனிமேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சண்டை போட்டேன்.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் பழைய பைபர் படகு விலைக்கு இருப்பதாகச் சொன்னார்கள். பைக்கில் போனோம். படகுக்காரர் ஹரிராம் அண்ணனுக்கு வீடு தல்லாகுளத்தில். தோப்புக்குள் குளம் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குப் படகு விட்டுக்கொண்டிருந்தார். இப்போது குளத்தைத் தூர்த்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறாராம். அவரும் அவர் மனைவி ஸ்வர்ணா அக்காவும் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டார்கள். எங்களிடம் நல்ல மதுரைத் தமிழ்.

வேப்பமரத்தடியில், கற்களின் மேல் படகைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். படகின் முன்மூக்கில் சாமந்தி மாலை. பார்த்த மாத்திரத்தில் என் ஆள் விழுந்துவிட்டார்.

"ஆத்தாடி, என்னா போட்டுண்ணே! நாங்களே எடுத்துக்கிறோம்ணே."

அவர் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினேன். இன்னும் ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்கவில்லை, அதற்குள் 'எடுத்துக்கிறோம்ணே'.

எனக்குப் படகைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் பானை வாங்குகிறேன், தட்டிப் பார்க்காமல் ஒரு பானையையும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. அதே மாதிரி மூக்கிலிருந்து விரலை மடக்கித் தட்டிக்கொண்டே வந்தேன். ணங், ணங் என்று நல்ல சத்தம். பின்பக்கம் வந்ததும் 'தொப்' என்றது. அந்த இடத்தில் அப்பளம் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு வட்டம், நடுவில் சிவப்புப் பெயிண்ட்டில் பொட்டு.

"அங்க மட்டும் தட்டாதீங்கம்மா," என்று ஹரிராம் அண்ணன் பதறி ஓடி வந்தார். "அது அம்மன் பொட்டு. படகுக்கே அதுதான் காவல்."

என் வீட்டுக்காரர் உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கனகா, சாமிகிட்ட வெளையாடாத."

எனக்கும் சாமி பயம் உண்டு. ஆனால் வண்டி வாங்கினாலும் மிசின் வாங்கினாலும் பொட்டை நெற்றி மாதிரி முன்னால்தானே வைப்போம்? தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற அடிப்பக்கத்தில் எந்த ஊரில் வைப்பார்கள்? சுரண்டலாம் என்றால் மனசு வரவில்லை. யோசித்தேன்.

"அண்ணே, சாமிக்குத்தம் ஆயிரக் கூடாது. ஊருக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி, படகு வயிறு நெறைய மஞ்சத்தண்ணி ஊத்தி அம்மனுக்கு அபிஷேகம் பண்ணிருவோம்."

ஸ்வர்ணா அக்காவுக்கு ஒரே சந்தோசம். மஞ்சள்பொடி டப்பாவோடு வந்துவிட்டார். நாலு பேருமாகப் படகைப் புரட்டி, கற்களின் மேல் நிமிர்த்தி வைத்தோம். குழாயைத் திறந்து உள்ளே தண்ணீர் விட்டு, மஞ்சளைக் கரைத்தேன். பிறகு குனிந்து படகுக்கு அடியில் பார்த்தேன்.

சிவப்புப் பொட்டின் நடுவிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் நூல் மாதிரி ஒழுக ஆரம்பித்தது.

"அம்மன் அருள் வடியுது புள்ள," என்றார் என் வீட்டுக்காரர், கையைக் கூப்பிக்கொண்டு.

எனக்கு வந்ததே கோபம்!

"அருளா? யோவ் மாமா, நடுக்கண்மாயில இந்த அருள் உள்ள வந்தா நீ என்னய்யா பண்ணுவ? ஒனக்கு நீச்சல் தெரியுமா? நீ முங்கிப் போனா நான் யாருகிட்டப் போயி சண்ட போடுறது?"

எல்லார் முன்னாலும் அவர் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார்.

ஹரிராம் அண்ணன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. நான் வாங்கும்போதே இந்தப் பொட்டு இருந்துச்சு. காவல் பொட்டு, அழிச்சிராதீங்கன்னு வித்தவரு சொன்னாரு. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு நானே புது பெயிண்ட் வாங்கி மேல பூசுவேன். பூசுன கொஞ்ச நாளைக்குச் சொட்டுத் தண்ணி உள்ள வராது. அப்பறம் மெதுவா கால் நனையும். பொட்டோட சக்தி கொறஞ்சிருச்சு போலன்னு, அடுத்த வருசம் ரெட்டிப்பாப் பூசுவேன்."

ஸ்வர்ணா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சௌராஷ்டிரத்தில் ஆரம்பித்தார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை, ஆனால் விசயம் முழுக்கப் புரிந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருசமா ஓட்டைக்குக் கற்பூரம் காட்டியிருக்காரும்மா இந்த மனுசன்!"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் தாங்கவில்லை. கடைசியில் ஹரிராம் அண்ணனும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

தண்ணீரை வடித்துப் படகை மறுபடி கவிழ்த்ததும், அண்ணனே அந்தப் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கத்தியால் சுரண்டினார். பெயிண்ட் ஏடு ஏடாக உரிந்தது. அடியில் யாரோ அடைப்புக்கு அப்பியிருந்த பட்டிப் பசை. அதற்கும் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

"இத இப்பிடியே குடுத்தா நான் மனுசனே இல்ல," என்றார். "பைபர் ஒட்டுற ஆளக் கூப்பிட்டு ரெண்டு பக்கமும் ஒட்டிட்டுத் தாரேன். நானே மொதல்ல ஏறி ஒக்காந்து காட்டுறேன், போதுமா?"

"போதும்ணே. ஆனா இவரு நீச்சல் கத்துக்கிற வரைக்கும் படகு கரையிலதான் கெடக்கும்."

ஒட்டு வேலை முடிந்து ஊருக்கு வந்த படகு அப்படியே கிடந்தது. என் வீட்டுக்காரர் கண்மாய் ஓரத்தில், இடுப்பில் கயிறு கட்டி, எருமை மாதிரி தண்ணீரைக் கலக்கிக் கலக்கி நீந்தக் கற்றுக்கொண்டார். கயிற்றின் மறுமுனை என் கையில். குழுப் பெண்கள் கரையில் உட்கார்ந்து கேலி பண்ணினார்கள். அவர் அசரவில்லை.

படகைத் தண்ணீரில் விடுகிற அன்று குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு அடிப்பக்கம் குனிந்தார். நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"மூக்குல வையி மாமா. எல்லாரும் பாக்குற எடத்துல வையி."

மூக்கில் வைத்தார். விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை என் நெற்றியில் வைத்துவிட்டுக் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்கு அடியில ஒண்ணும் ஒழுகலையே புள்ள?"

முதுகில் ஒன்று வைத்தேன். ஆனால் கண் ஒழுகத்தான் செய்தது.