டொரத்தியின் முட்டி வலி

கரிபாப் தட்டோடு டொரத்தி முன்வாசலுக்கு வந்தபோது, அவள் கணவர் கிளாரன்ஸ் தன் கொரியா பயணத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க," என்றார், தூரிகையைத் தண்ணீரில் அலசியபடி. "இவளுக்கு முட்டி வலி. மலை ஏற முடியாதுங்கறா. இவள விட்டுட்டு நான் மட்டும் போயி செவப்பு இலை பாத்துக்கிட்டு இருக்கறதா?"

சனிக்கிழமை காலைகளில் கிள்ளானில் இருக்கும் அவர்கள் வீட்டு முன்வாசலில் நான்கு பேர் உட்கார்ந்து படம் வரைவார்கள். கிளாரன்ஸ், அவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராதாகிருஷ்ணன், லோரி கம்பெனியை மகனிடம் விட்டுவிட்டு வந்த பாலன், தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்த ரமணி. வருஷம் முழுக்க வெயிலையும் மழையையும் வரைந்து சலித்துப்போய், இலையுதிர்காலத்தை நேரிலேயே பார்த்து வரைந்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார்கள். எட்டு நாள். வியாழக்கிழமை விமானம்.

"பொண்டாட்டிதாசன்யா நீ," என்றார் பாலன், கரிபாப்பைக் கடித்துக்கொண்டே.

"சும்மா இரு லா," என்றார் ராதாகிருஷ்ணன். "சிஸ்டர், இந்த வயசுல இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பாரு? குடுத்து வச்சவங்க நீங்க."

டொரத்தி சிரித்தாள். வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களுக்கென்று அவள் வைத்திருந்த சிரிப்பு அது. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் சிஸ்டர் என்ற பேரும் போகவில்லை, அந்தச் சிரிப்பும் போகவில்லை.

அவளுக்கு முட்டி வலி கிடையாது. அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கலாம் என்று கிளாரன்ஸ் சொன்னபோது வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவர் தன் டிக்கெட்டில் போவார், வீடு எட்டு நாள் காலியாகும் என்று நினைத்தாள். அந்த எட்டு நாளில் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தபோது, எதுவுமே செய்யத் தோன்றவில்லை என்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. ரொட்டியும் சார்டின் டின்னும் போதும். அதையும் தட்டில் போடாமல் டின்னிலிருந்தே தின்னலாம். வேலை பார்த்த காலத்தில், எவ்வளவு மோசமான ஷிப்டாக இருந்தாலும், முடியும்போது அடுத்த சிஸ்டர் வந்து நிற்பாள். வார்டை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, காலணியை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது காற்றே வேறு மாதிரி இருக்கும். இப்போது ஒப்படைக்க ஆளில்லை. கிளாரன்ஸ் ரிட்டையர் ஆனார். அவளும் ரிட்டையர் ஆனாள். ஆனால் அவர் வீட்டுக்கு வந்தார், அவள் வேலைக்கு வந்தாள் என்றுதான் அவளுக்குப் பட்டது.

காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு ரமணியும் அடுப்படிக்கு வந்தார்.

"நேத்து பாசார்ல மீன்காரன் கடைய சாத்துறதுக்குள்ள ஓடுனீங்களே, அந்த முட்டியா இது?"

டொரத்தி குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவினாள். "பாத்துட்டீங்களா டீச்சர்?"

"பாத்தேன். நல்ல ஓட்டம்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு டொரத்தி, "கொஞ்ச நாள் தனியா இருக்கணும்னு ஆசப்பட்டேன். தப்பா?" என்றாள்.

ரமணி துணியை எடுத்து டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தார். கணவர் தவறிய பிறகு பக்கத்துத் தெரு ஃபிளாட்டில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். "எங்கிட்ட போயி கேக்குறீங்க," என்றார். "என் வீட்டுல டிவிய நிப்பாட்டவே எனக்குப் பயம். ஆனா அவரு இருந்தப்ப நானும் பாத்ரூம்ல போயி சும்மா உக்காந்திருக்கேன். கதவு சாத்துற ஒரே எடம் அதுதானே." டம்ளர்களைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரருகிட்டயே சொல்லிருங்க. பாவம், தியாகம் பண்றதா நெனச்சிக்கிட்டு இருக்காரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நண்பர்கள் கிளம்பியதும் மகள் டீனா அழைத்தாள். "அப்பா போகலையாமே மா? நல்லதாப் போச்சு. பேபிசிட்டர் ஈப்போவுக்குப் போறாங்க. வியாழக்கிழமைலேருந்து பிள்ளைங்கள அங்க விட்டுறட்டுமா? நீங்க ரெண்டு பேரும் சும்மாதானே இருப்பீங்க?"

"பாக்கலாம்மா," என்றாள் டொரத்தி. பேரப்பிள்ளைகளை நினைத்தால் அவளுக்கு உயிர். ஆனால் இப்போது அவர்களை நினைத்ததும் அவர்களின் செருப்புகள்தான் கண்ணில் வந்தன, வாசல் முழுக்க.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் நிற்கும் வாதா மரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கிளை சிவந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். தினமும் இரண்டு வேளை அவள்தான் கூட்டுவாள். நனைந்த இலைகள் தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. கிளாரன்ஸ் கைப்பேசியில் ஒரு கொரிய மலையின் படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். சிவப்பு சரியாக வரவில்லை என்று முனகினார். அவர் காலடியில் கிடந்த இலையை எடுக்க அவள் விளக்குமாற்றை நீட்டியதும், தலையை நிமிர்த்தாமலே காலைத் தூக்கிக்கொண்டார்.

அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்கு முட்டி வலி இல்லங்க."

"தைலம் போட்டதுல சரியாயிருச்சா?"

"எப்பவுமே இல்ல. பொய் சொன்னேன்."

தூரிகை நின்றது. "எதுக்கு? குளிருக்குப் பயந்தா?"

"வீடு காலியா வேணும்னு."

அவர் மெதுவாகக் காலைக் கீழே வைத்தார். "என் மேல கோவமா?"

"கோவம்னா எப்பவோ சண்டை போட்டிருப்பேன். களைச்சுப் போயிட்டேங்க."

"அப்படி என்ன வேலை வாங்குறேன் உன்ன? துணியக்கூட நான்தானே மெஷின்ல போடுறேன்?"

"போட்டுட்டு, எந்த பட்டன்னு வந்து கேக்குறீங்க."

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வந்த வழியே போய்விட்டது. "நான் கூட இருக்கறது உனக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் முட்டி வலியைச் சாக்காகப் பிடித்திருந்தாள். இல்லை என்றாலும் பொய், ஆமாம் என்றாலும் பொய். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, காலையில் ரமணி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப நீங்க வாசல் கேட்டைத் தொறப்பீங்க. உங்க மூஞ்சியப் பாத்ததும் மனசு ஒரு மாதிரி லேசாகும். ரொம்ப நாளா அது இல்ல. யாராவது போனாத்தானே திரும்பி வர முடியும்? வியாழக்கிழமை போங்க."

கிளாரன்ஸ் கைப்பேசியை அணைத்தார். தூரிகையைத் துடைத்தார். வரைந்ததைப் புரட்டிப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். கோபமா, வருத்தமா என்று அவர் முதுகைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்ல எழுந்தவள், பிறகு உட்கார்ந்தாள்.

அப்புறம் அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"டொரத்தி! என் ஸ்வெட்டர் எங்க?"

அலமாரியின் இரண்டாவது தட்டில், அவளுடைய பழைய வெள்ளை யூனிஃபார்முக்குக் கீழே இருக்கிறது. சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தபடியே சற்று இருந்து, மூடிக்கொண்டாள்.

உள்ளே ஒரு இழுப்பறை திறந்து மூடியது. பிறகு இன்னொன்று. கூட்டி முடித்த ஈரத் தரையில் ஒரு சிவப்பு இலை வந்து விழுந்தது. இன்னொன்று அவள் மடியில். அதைத் தட்டிவிடாமல், மூன்றாவது இழுப்பறை திறக்கும் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.