மஞ்சள் மூடிக் குழாய்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் ‘கறார் அக்கா’ என்று பெயர். வைத்தவர்கள் வார்டு நர்சுகள். பெயர் எழுதாத குழாயை அனுப்பிவிட்டுக் கெஞ்சினால் அவளிடம் பருப்பு வேகாது. பாதி நிரம்பிய குழாய் வந்தால் போனிலேயே வறுத்தெடுத்துவிடுவாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தப்பான ரிசல்ட்கூட அவள் கையெழுத்தோடு வெளியே போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

நர்சுகளின் திருட்டுத்தனம் ஒன்று அவளுக்கு அத்துப்படி. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து தடவியிருக்கும். அதில் பொட்டாசியம் உண்டு. மஞ்சள் மூடிக் குழாயில் அந்த மருந்து கிடையாது. மஞ்சளில் ரத்தம் குறைந்தால், நோயாளியை இன்னொரு தடவை குத்துவானேன் என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிடுவார்கள். அவ்வளவுதான், பொட்டாசியம் எகிறும், கால்சியம் படுத்துவிடும். கால்சியத்தைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்றாவது மாடி நர்சு ஒருத்தி இரண்டு மாதத்துக்கு முன்பு இப்படித்தான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, போனில் அழுதே விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அதே மூன்றாவது மாடியிலிருந்து வந்த மஞ்சள் குழாய்க்குப் பொட்டாசியம் எட்டு என்று மெஷின் காட்டியது. ஐந்தரையைத் தாண்டினாலே கவலைதான். எட்டு என்றால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். சீட்டில் அந்த நர்சின் கையெழுத்து. கறார் அக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. டாக்டர் கால்சியம் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, ஒரு பொத்தானை அழுத்தி அவளே பார்த்திருக்கலாம். அழுத்தவில்லை. போனை எடுத்தாள்.

“என்ன தங்கச்சி, மறுபடியும் டீ ஆத்த ஆரம்பிச்சுட்டியா?”

“இல்லக்கா… நான் ஊத்தலயே.”

“மெஷின் பொய் சொல்லுமா? எட்டுன்னு காட்டுது. எட்டு இருக்கிற ஆளு இந்நேரம் உக்காந்து பேசிக்கிட்டா இருப்பாரு?”

“பேசிக்கிட்டுத்தான்க்கா இருக்காரு.”

“அப்புறம் என்ன? புதுசா எடுத்து அனுப்பு.”

‘குழாய் ஏற்கப்படவில்லை’ என்று பதிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். எட்டு என்ற அந்த எண் டாக்டர் காதுக்குப் போகவே இல்லை. புதுக் குழாயோடு அந்த நர்சு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது, மேலே கட்டிலில் அந்த மனிதரின் இதயம் நின்றது. பஸ் டிரைவர், நாற்பத்தாறு வயது, சிறுநீரகம் கெட்டிருந்தது.

மருத்துவமனை மொத்தமும் நர்சைத்தான் பேசியது. அவள் ஒழுங்காக எடுத்திருந்தால் பொட்டாசியம் ஏறியிருந்தது முதல் குழாயிலேயே தெரிந்திருக்கும் என்றார்கள். கறார் அக்காவும் ஆமாம் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பழைய குழாய்களை ஒரு வாரம் வைத்திருக்கும் குளிர்பெட்டியைத் திறந்து அந்த மஞ்சள் குழாயை எடுத்தாள். நர்சின் தப்பை உறுதிசெய்துகொள்ளத்தான் எடுத்தாள், இதில் மறைக்க ஒன்றுமில்லை. கால்சியம் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. மறுபடி போட்டாள். அப்போதும் சரியாகவே இருந்தது. யாரும் எதையும் ஊற்றவில்லை. எட்டு என்பது அந்த மனிதரின் சொந்த ரத்தத்தில் இருந்த எட்டு.

அந்த ரிசல்ட் தாளை எடுத்துக்கொண்டு கூடத்துத் தலைமை டாக்டரிடம் போனாள். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அந்தப் பொண்ணே ஊத்தினேன்னு எழுதிக் குடுத்துட்டா. நீங்க ஏம்மா தலையைக் குடுக்கிறீங்க? வீட்டுக்காரர் வேற முதுகு ஒடிஞ்சு படுத்திருக்காரு. ரிட்டயர் ஆக மூணு வருஷம்தானே இருக்கு?”

அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நின்று நிதானமாக யோசித்தாள். வேலை போனால் கணவருக்கு மருந்து வாங்கக்கூட வழியில்லை. ஒரு நிமிடம் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீண்டதும் உண்மை. பிறகு, “ஊத்தாதவ எதுக்கு சார் எழுதிக் குடுத்தா?” என்று கேட்டாள். தாளை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு மாடி ஏறினாள்.

அன்று நர்சை விசாரிக்க இருந்த அறைக்கு வெளியே பெஞ்சில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாகப் போனில் குரல் மட்டும்தான் பழக்கம். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சின்னப் பெண்ணாகத்தான் இருப்பாள் என்று நினைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

“தங்கச்சி, நான் லேப் அக்கா. நீ ஊத்தல. இன்னிக்குத்தான் கால்சியம் பாத்தேன். நீ ஊத்தவே இல்ல.”

நர்சு அவளையே பார்த்தாள்.

“நானும் ஊத்தலன்னுதான்க்கா முதல்ல நினைச்சேன். அப்புறம் நீங்களே சொல்றீங்களேன்னு குழம்பிட்டேன். இப்ப ஊத்தின மாதிரியே ஞாபகம் இருக்கு. எந்தக் கையில பிடிச்சு ஊத்தினேன்னுகூடச் சொல்வேன்.”

கறார் அக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“இதை அன்னிக்கே பாத்திருக்கலாமாக்கா?”

“பாத்திருக்கலாம்.”

“பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

ஒரு பொய் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டாள். “பத்து நிமிஷம்.”

நர்சு கத்துவாள், கன்னத்தில் ஒன்று வைப்பாள் என்று காத்திருந்தாள். வைத்தால் தேவலை போலிருந்தது. நர்சு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க போனை வெச்சப்புறம் முக்கால் மணி நேரம் உசுரோட இருந்தாருக்கா. ரெண்டாவது தடவை நரம்பு கிடைக்கல. எனக்குக் கை நடுங்குச்சு. ‘பதறாதம்மா, ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாவே எடு’ன்னாரு. நானும் மெதுவாத்தான்க்கா எடுத்தேன்.”

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்காமலே கறார் அக்கா எழுந்து உள்ளே போனாள்.