திருப்பிச் சொல்லுங்க

அவன் கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் அவனுடைய கைபேசியைத் திறந்தாள்.

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் அவளுடைய அறைக்குள் இன்னொரு சின்ன அறை உண்டு. வெளிச் சத்தம் புகாத சுவர்கள், ஒரு கண்ணாடி ஜன்னல், தடித்த கதவு. கதவு கொஞ்ச நாளாகச் சரியாக மூடவில்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று, வேலைக்குப் போகிற வழியில் கணவனே வந்திருந்தான். மண்டியிட்டபோது சட்டைப்பையிலிருந்து கைபேசி நழுவப் பார்த்தது. "டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் பிடி" என்று நீட்டினான். அவள் டாக்டர் இல்லை. கேலிக்கு அப்படித்தான் கூப்பிடுவான்.

பூட்டை எப்படித் திறப்பது என்பதை அவன் அவளிடம் மறைத்ததே இல்லை. பிறகு யோசித்தபோது அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

'கன்ட்ரோல்' என்று ஒரு பெயர் இருந்தது. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அவர்களுடைய அழைப்பை எடுத்துப் பேசி, அவனை அனுப்பிவைக்கிறவள். அவளோடு பேசுவது மட்டும் ஒரு நாளில் தானாக அழியும்படி அவன் வைத்திருந்தான். எழுத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் குரல் பதிவுகள். ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒருத்தியிடம் ஏழு நிமிடம் பேச என்ன இருக்கிறது? போன வாரம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறெதுவும் ஓடவில்லை.

அதே செயலியை மேசைக் கணினியில் திறந்து, அதில் வந்த சதுரக் குறியீட்டுக்கு நேரே கைபேசியைப் பிடித்தாள். செயலி இரண்டையும் இணைத்தது. இனி அவன் அனுப்புவதும் அவனுக்கு வருவதும் இங்கேயும் தெரியும். இடையில் யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்று ஒவ்வொரு உரையாடலின் தலையிலும் செயலி எழுதிவைத்திருந்தது. நான் ஒன்றும் இடையில் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுது. இப்ப உள்ள உக்காந்து கத்தினாக்கூட வெளிய கேக்காது."

"கத்தறதுக்கு முதல்ல வாயத் திறக்கணுமே."

சிரித்தபடி கைபேசியை வாங்கிக்கொண்டு போனான்.

அன்று முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். லைசன்ஸைப் புதுப்பிக்க, காது நன்றாகக் கேட்கிறது என்று அவருக்குச் சான்று வேண்டும். "மேடம், நீங்க மனசு வச்சாத்தான் உண்டு. லைசன்ஸ் போச்சுன்னா வீட்டுக்காரி என்னை வாசலோட நிறுத்திடுவா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

கணினியிலிருந்து பதிவு செய்த சொற்கள் அவர் காதுக்குப் போகும். அவர் சொல்வது ஒலிவாங்கி வழியாக அவளுடைய ஹெட்போனுக்கு வரும். "காதுல என்ன விழுதோ, அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

"மரம்" என்றார் டிரைவர். "பணம். படகு."

முதல் வரிசை முடிந்தது. "கொஞ்சம் இருங்க, அடுத்தது வரும்" என்று அவள் நிமிர்ந்தபோது திரையின் மூலையில் கணவனின் குரல் பதிவு ஒன்று முளைத்தது. இப்போதுதான் கன்ட்ரோலுக்கு அனுப்பியிருக்கிறான். ஆறு நிமிடம். அவள் கை தானாகப் போய் அழுத்தியது.

மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அவன் குரல், வீட்டில் கேட்டே இராத குரல்.

"இன்னிக்கும் முடியல. மேல ஏறினா கால் நடுங்குது."

"இன்னிக்கும் முடியல" என்றது இன்னொரு குரல், மரம், பணம் என்று சொன்ன அதே தொனியில். "மேல ஏறினா கால் நடுங்குது."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை.

"அன்னிக்குக் கயிறு வழுக்கினதுலேருந்து இப்படித்தான். வீட்ல சொல்லல. சொன்னா டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சிடுவா. நீன்னா சும்மா கேட்டுக்குவ."

"வீட்ல சொல்லல. சொன்னா டெஸ்ட் பண்ண... மேடம், இது ரொம்ப நீளமா வருதே, முழுசும் சொல்லணுமா? கடைசி வார்த்தை போதுமா?"

கணினியின் ஒலியை உள்ளே அனுப்பும் குமிழை அவள் திருப்பி வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. பாய்ந்து நிறுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரைவர் நல்ல பிள்ளைபோல அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தார்.

மீதிச் சோதனையை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் வெளியே வந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒரு வார்த்தை விடலயே, பாத்தீங்களா? ஆனா நடுவுல பேசினான் பாருங்க ஒருத்தன், நல்லா நடிக்கிறான். அவன் பொண்டாட்டி பெரிய ரவுடி போல. எங்க வீட்டு அம்மா மாதிரி."

"பாஸ்தாண்ணா" என்று தாளை நீட்டினாள். அவர் கையை உயர்த்திக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் பயந்தது நடக்கவில்லை. நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. இன்னொருத்திக்கு ஆசையைக் கொடுத்திருந்தால் தெருவில் இறங்கிச் சண்டை போட்டிருக்கலாம். இவன் பயத்தையல்லவா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான்! அந்தக் கயிறு வழுக்கிய நாள் எது? அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கன்ட்ரோலுக்கு மட்டும் தெரியும். யாரென்றே தெரியாத லாரிக்காரருக்குக்கூட இப்போது தெரியும்.

அவனைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"வேலையிலதான்."

"மேல ஏறிட்டீங்களா?"

"ம். ஏறிட்டேன். ஏன்?"

தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்றும் சொல்லியாக வேண்டும்.

"சும்மாதான். ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?"

"நீதான கூப்பிட்ட?" என்று சிரித்தான்.

கணினித் திரையில் கன்ட்ரோல் என்ற பெயருக்குக் கீழே பச்சை எழுத்து தோன்றியது: குரல் பதிவு செய்கிறார். அந்தப் பெண் அவனுக்குப் பதில் சொல்கிறாள். எழுத்து கொஞ்ச நேரம் இருந்தது, மறைந்தது. சொன்னது போதவில்லை என்பதுபோல மறுபடியும் வந்தது.

"லைன்ல இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்" என்றாள். பச்சை எழுத்து அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.