தம்பி கேட்ட படம்

அவள் பதினெட்டு வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் ஏற்றுவது வேலை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, வண்ணத்தைத் தொட்டு, கன்னத்துக்கு லேசாகச் சிவப்பு, உதட்டுக்கு இன்னும் கொஞ்சம். கல்யாணப் படங்கள் வரும். அதைவிட அதிகமாக இறந்தவர்களின் படங்கள் வரும். உயிரோடு இருந்தவரை படமே எடுக்காதவர்களைச் செத்த பிறகு படம் பிடித்துக் கொண்டுவருவார்கள். மூடிய கண்களைத் திறந்தாற்போல் வரைந்து கொடுக்க வேண்டும். பதினோரு வருடம் அதைச் செய்தாள். ஒரு நாள் காயவைத்திருந்த படங்களை வரிசையாகப் பார்த்தபோது கிழவருக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே கண் இருந்தது. அவள் கைக்குப் பழகிப்போன கண். அந்த மாதத்தோடு வேலையை விட்டாள்.

பிறகு அவள் வரைந்ததில் முகமே இல்லை. ஆளில்லை, மரமில்லை, வீடில்லை. நிறத்தின் மேல் நிறம். சுரண்டி எடுத்த இடத்தில் வேறொரு நிறம். அந்த நாட்டில் அதுவரை யாரும் அப்படி வரைந்ததில்லை. முதல் கண்காட்சிக்கு இருபது பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். சுவரில் ஈரம் இறங்கியதுபோல் இருக்கிறது என்று பத்திரிகையில் ஒருவர் எழுதினார். வாடகை வீட்டின் சொந்தக்காரர் எட்டிப் பார்த்து, பெயிண்ட் டப்பா கொட்டிவிட்டதா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அவள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய வகுப்பு எடுத்துக் காலத்தை ஓட்டினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவளுக்கென்று இருந்தது ஒரு தம்பி. பஸ் டிப்போவில் மெக்கானிக். அக்காவின் படங்கள் அவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சட்டம் அடித்து, கேன்வாஸை இழுத்துக் கட்டிக் கொடுப்பது அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளையும் கூட்டி வருவான். நான்கு வயது, வாய் ஓயாது. அத்தையின் காலடியில் உட்கார்ந்து இது என்ன, இது என்ன என்று துளைத்தெடுக்கும். ஒன்றுமில்லை என்று அத்தை சொல்ல, ஒன்றுமில்லாததை ஏன் இவ்வளவு நேரம் வரைகிறாய் என்று கேட்டது. அதை அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் குழந்தை மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டது. பள்ளியில் சேர்க்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதில், ஒரு போட்டோகூட இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி வந்தான். கிரீஸ் படிந்த உடுப்போடு வாசலிலேயே நின்றான்.

“அக்கா, உங்கிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல. பாப்பா முகத்தை வரைஞ்சு குடு.”

சரி என்றாள். நான்கு மாதம் வரைந்தாள். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. கண்ணை வைத்ததும் குழந்தை போய்விடும். ஸ்டுடியோவின் கண் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவாள். கடைசியில், தனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்ததை மட்டும் வரைந்தாள்: குழந்தை போட்டு வந்த கவுனின் மஞ்சள், அது உட்கார்ந்த சிவப்புத் தரை, ஜன்னலிலிருந்து விழுந்த வெளிச்சம். அவள் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது. அது தனக்கே தெரிந்தபோது கூச்சமாக இருந்தது.

தம்பி அதைச் சுவரில் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்தான்.

“இதுல எம்பொண்ணு எங்க?” என்றான். அவள் வாயெடுப்பதற்குள், “யார் யார் பொணத்துக்கோ கண்ணு வரைஞ்ச. எனக்குன்னா மட்டும் மனசு வரல, இல்ல?”

அதோடு அவன் வருவது நின்றது. தம்பி மனைவி படத்தைத் துணியில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். எப்போதாவது கணவனுக்குத் தெரியாமல் வந்து நாத்தனாரைப் பார்த்துவிட்டுப் போவாள். பத்தொன்பது வருடம் இப்படியே போயிற்று. அதற்குள் அக்காவுக்குப் பேர் வந்துவிட்டது. முன்னோடி என்றார்கள். முகத்தைத் துறந்தது அவளுடைய தத்துவம் என்று கட்டுரை எழுதினார்கள். அவள் மறுக்கவில்லை. கேன்வாஸைக் கட்டிக் கொடுக்க இப்போது கூலிக்கு ஆள் வந்தார்.

நுரையீரல் கெட்டு அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, தம்பி மனைவிதான் அவனிடம் சொன்னாள். மூன்றாம் நாள் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினான். டிப்போவுக்கு வந்த புது பஸ்கள் எதற்கும் உதவாதவை என்றான். பேச்சு தீர்ந்ததும் அவள் சொன்னாள்:

“மனசு வராம இல்லடா. முகம் வரல. நாலு மாசம் முட்டிப் பார்த்தேன். கண்ணு வைக்கும்போதெல்லாம் வேற யாரோ வந்துட்டாங்க.”

அவன் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தான்.

“எனக்கும் இப்போ வரலக்கா,” என்றான். “ரெண்டு மூணு வருஷமாச்சு. கண்ணை மூடினா கவுன் தெரியுது, குரல் கேக்குது. முகம் இல்ல. இதை வீட்டுலகூட நான் சொல்லல.”

அவள் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் இரண்டு முறை வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு தினமும் ஷிப்ட் முடிந்ததும் வந்தான். ஒன்பது நாள்தான்.

காரியமெல்லாம் முடிந்து அவளுடைய அறையை ஒழிக்கப் போனார்கள். பிரஷ்கள் வண்ணத்தோடு காய்ந்து விறைத்துக் கிடந்தன. அவள் பொருள்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருந்த அருங்காட்சியகத்துக்காரர், கழுவாமல் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். தம்பி கேட்கவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் நீவி, பழைய செய்தித்தாளில் பரப்பினான். சிலவற்றின் முடி கையோடு வந்தது. அவற்றையும் துடைத்து வரிசையில் வைத்தான். சாப்பிட வரச் சொல்லி மனைவி கூப்பிட்டபோது, இன்னும் நாலு இருக்கிறது என்றான், திரும்பாமலே.