வெள்ளைச் சுவர்

ஊரில் அவளை வெள்ளை வீட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். கரையோரத்தில் வரிசையாக இருந்த பழைய வீடுகளில் மிச்சமிருந்தது அவள் புகுந்த வீடு ஒன்றுதான். என்றைக்கோ ஒரு உப்பு வியாபாரி கருங்கல்லில் கட்டியது. கடலைப் பார்த்த பெரிய சுவருக்கு மட்டும் வருடம் தவறாமல் சுண்ணாம்பு அடிப்பாள். மற்ற மூன்று பக்கமும் பாசி பிடித்துக் கிடந்ததைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அந்தச் சுவர் வெளுப்பாக இருந்தது வீட்டுக்காக அல்ல, படகுகளுக்காக.

கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் பாறைகள். நடுவே ஒரு படகு நுழையும் அளவுக்குத்தான் வழி. கடலிலிருந்து வரும்போது வெள்ளைச் சுவரும், பின்னால் மேட்டில் நிற்கிற தண்ணீர்த் தொட்டியும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். அப்படியே நேராக வந்தால் வீடு, விலகினால் பாறை. ஊரே அதைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தது. இளவட்டங்கள் வழி காட்டுகிற கருவி வாங்கியபோதும் அவள் புருஷன் வாங்கவில்லை. "செல்போன்ல வழி பாக்குறவன் மீனையும் அதுலயே புடிச்சுக்கட்டும்" என்பான்.

கடற்கரைச் சாலை போட அளக்க வந்தவர்கள் அவள் அடுப்படி நடுவில் சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். பார்க்காத முகமில்லை, கும்பிடாத கையில்லை. கடைசியில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எங்க பட்டியல்ல ஏறிட்டா இத எவனும் தொட முடியாதும்மா. ஆனா கட்டுனப்ப எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கணும். இந்தச் சுண்ணாம்பெல்லாம் பின்னால பூசுனது. சுரண்டிடணும்."

அவளுக்குக் காதில் விழுந்தது முதல் பாதிதான்.

கொழுந்தன்தான் குறுக்கே வந்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு திரிந்தவன், அவள் கைச் சோற்றில் வளர்ந்தவன், இப்போது அண்ணனோடு அதே படகில் போகிறவன். "அண்ணி, மத்ததெல்லாம் என்ன வேணா செய்யட்டும். கடல் பக்கத்த மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

"வீடே போனா சுவரு மட்டும் அந்தரத்துலயா நிக்கும்? மரம் தெரியுது, மேடு தெரியுது. கண்ண நல்லா தொறந்து பாத்து வாங்களேன்டா."

அதோடு அவன் விட்டுவிட்டான். அவளை எதிர்த்து அவன் என்றைக்கும் பேசியதில்லை.

சுரண்டினார்கள். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து உள்ளிருந்து கருங்கல் எட்டிப் பார்த்தது. கடலிலிருந்து பார்த்தால் வீடு மேட்டோடு மேடாகக் கரைந்துபோனது. வெயில் காலத்தில் படகுக்காரர்கள் எப்படியோ சமாளித்தார்கள். அதற்குள் வாசலில் பலகை வந்துவிட்டது: 'தலைமுறை தலைமுறையாகப் படகுகளுக்கு வழிகாட்டிய வீடு.' பார்க்க வருகிறவர்களுக்கென்று நாலு வீடு தள்ளி ஒரு கக்கூஸும் கட்டினார்கள். அதற்குப் பளீரென்று வெள்ளை அடித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு விடியற்காலையில், தூறலோடு தூறலாக அவள் புருஷனின் படகு திரும்பி வந்தது. பாறையில் மோதியது. கால் முறிந்தவனைக் கயிறு போட்டு இழுத்தார்கள். தம்பியின் உடல் மறுநாள்தான் கரை ஒதுங்கியது.

"வெள்ளையப் பாத்தேன்," என்றான் புருஷன். "சுவர சுரண்டிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா கை கேக்கலையே. வெள்ளையப் பாத்ததும் வீடு வந்துடுச்சுன்னு தானா திரும்பிடுச்சு." அதற்குப் பிறகு அவன் கடலைப் பார்த்து உட்காரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஊர் கூடித் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். எல்லோரும் அமைதியாக வந்து அமைதியாகப் போனார்கள்.

காரியங்கள் முடிந்ததும் சுண்ணாம்பை ஊறவைத்தாள். பட்டியலாவது பலகையாவது. வீடு போனால் போகட்டும், மேலே ரோடு போட்டு லாரி ஓட்டட்டும், இருக்கிற வரைக்கும் சுவர் வெள்ளையாக இருக்கட்டும். ஏணியைச் சாய்த்தபோது படகுக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். மூத்தவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. இப்ப நாங்க கக்கூஸத்தான் பாத்து வர்றோம். அதுவும் பின்னால நிக்கிற செல்போன் டவரும் நேரா வந்தா வழி சரியா அமையுது. எல்லாருக்கும் பழகிடுச்சு."

"நான் என் வீட்டுச் சுவருக்கு அடிக்கிறேன்."

"அடிச்சா ரெண்டு வெள்ளை தெரியும்மா. இன்னொருத்தன் போய் முட்டுவான்."

அவள் இறங்கினாள். அவ்வளவு சுண்ணாம்பும் ஊறவைத்த தொட்டியிலேயே காய்ந்து கட்டியானது.

வீடு நிற்கிறது. ஒருவரும் கை வைக்க முடியாது. அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. ஊரில் இப்போது வெள்ளை வீடு என்றால் கக்கூஸ்தான். வலை உலர்த்துகிற பொடிசுகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் கக்கூஸ் சுவர் உப்புக்காற்றில் மங்கத் தொடங்கியது. துறைக்காரர்களுக்கு மறுபடி வெள்ளையடிக்கும் உத்தேசம் இல்லை. ஒரு காலையில் அவள் புதுச் சுண்ணாம்பைக் கரைத்து, கட்டியில்லாமல் வடிகட்டி, வாளியையும் சுண்ணாம்பு மட்டையையும் தூக்கிக்கொண்டு தன் வாசலைத் தாண்டி நடந்தாள். பலகையின் முன்னால் ஒரு குடும்பம் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் விலகி அவள் பின்னாலேயே கக்கூஸ் வரைக்கும் வந்தாள்.

"இங்க நீங்கதான் வேலையாம்மா? உள்ள சுத்தமா இருக்குமா?"

"இருக்கும். போங்க."

அந்தப் பெண் உள்ளே போனாள். வெள்ளை வீட்டுக்காரி மட்டையை வாளியில் நனைத்து, கடலைப் பார்த்த சுவரின் மேல் மூலையிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.